வந்தாய்ங்க, வந்தாவ, வந்தவை

2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கொரோனா ஊரடங்கினால் வீட்டுக்குள்ளே முடங்கிக் கிடந்து, சிரிப்பதற்கு ஏதாவது அகப்படாதா என்று ஏங்கிக்கொண்டிருந்த தமிழ் ஜனங்களுக்கு, சற்றும் எதிர்பாராத திசையிலிருந்து, அதாவது தமிழ்நாடு அரசாங்கத்தின் அரசாணை ஒன்றிலிருந்து, ஒரு ஹாஸ்ய விருந்து வந்து சேர்ந்தது. ஆங்கிலேயன் தன் நாக்குக்கு வசதியாக எழுதிவைத்துப் போன 1,018 ஊர்ப் பெயர்களை, நாம் தமிழில் எவ்விதம் உச்சரிக்கிறோமோ அவ்விதமே ஆங்கில லிபியிலும் இனி எழுதவேண்டும் என்பது அந்த ஆணையின் சாராம்சம். நோக்கத்தில் குற்றம் காண இடமில்லை. திருவல்லிக்கேணியை 'டிரிப்ளிகேன்' என்று எழுதுவதைக் காட்டிலும் திருவல்லிக்கேணி என்றே எழுதுவதுதான் நியாயம். ஆனால் காரியம் நடந்த விதம் வேறாக இருந்தது. பத்து எழுத்துக்குள் அடங்கியிருந்த கோயம்புத்தூர், 'டி'யும் 'ஹெச்'சும் ஜோடி ஜோடியாக அணிவகுக்க, 'ஓ' இரட்டையாக வந்து நிற்க, 14 எழுத்துக்களாக நீண்டது. வேலூரின் நிலைமையோ பரிதாபம்: 'வே' என்னும் நெடிலைக் காட்டுவதற்காக ஆங்கில 'ஈ' எழுத்தை இரண்டு முறை போட்டுவிட்டபடியால், அதைப் படித்தவர்கள் எல்லாரும் 'வீலூர்' என்றே படித்தார்கள்.

கைபேசி உள்ளவர்கள் அன்று சும்மா இருக்கவில்லை. புதிய எழுத்துக்கூட்டலின்படி தத்தம் பெயரையும் தெருவின் பெயரையும் எழுதிப் பார்த்து, பெயர்ப்பலகைக்கு இடம் போதாது, விண்ணப்பப் படிவத்தில் கட்டம் போதாது என்றெல்லாம் கேலிச் சித்திரங்கள் உற்பத்தி செய்து ஊர் முழுவதும் அனுப்பினார்கள். மொழியறிஞர்களும் தங்கள் பங்குக்கு ஆட்சேபணைகளை அடுக்கினார்கள். அந்த ஜூன் மாதம் முடியுமுன்பே, ஆணை திரும்பப் பெறப்பட்டதாக அப்போதைய அமைச்சர் க. பாண்டியராஜன் அறிவித்துவிட்டார். ஒரு அரசாணை எழுத்துக்கூட்டல் காரணமாகவே பரிகசிக்கப்பட்டு வாபஸான சம்பவம் நம் நாட்டுச் சரித்திரத்தில் அபூர்வம் என்றுதான் நினைக்கிறேன்.

வாயிலே வருகிற ஓசையை உள்ளது உள்ளபடியே எழுத்தில் பிடித்துவிடலாம் என்று யார் முனைந்தாலும், பிடிபட்டதைப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அரசாங்கம் அறியாமல் உண்டாக்கிய அந்தச் சிரிப்பை, இன்றைய இளைஞர்கள் அறிந்தே, மிகுந்த சிரத்தையுடன், நாள்தோறும் உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். மீம் என்றும் ரீல் என்றும் பெயர் பூண்டு நம் கைபேசிக்குள் வந்து விழுகிற தமிழ் ஹாஸ்யத்தில் ஒரு பெரும் பகுதி, படத்தைக் காட்டிலும் எழுத்தை நம்பியே நிற்கிறது. அந்த எழுத்தும், மதுரைக்காரன் பேசுகிறபடி, நாகர்கோயில்காரன் பேசுகிறபடி, கோயம்புத்தூர்க்காரன் பேசுகிறபடி, ஓசை பிசகாமல் எழுதப்பட்ட எழுத்தாக இருக்கிறது. கண்ணால் மட்டும் பார்த்தால் அது விளங்காது. உதட்டையாவது அசைத்துப் படிக்கவேண்டும். பஸ்ஸிலும் ரயிலிலும் தனியாக உட்கார்ந்து முணுமுணுத்துச் சிரிக்கிறவர்களின் தொகை பெருகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த வேடிக்கை தமிழில் இவ்வளவு செழித்ததற்கு, நம் பாஷையின் அமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. நாம் எழுதுகிற தமிழை வீட்டில் பேசுகிற ஊர் என்று ஒன்றுகூட இல்லை. தஞ்சாவூரிலும் இல்லை, தமிழ்ச் சங்கம் இருந்த மதுரையிலும் இல்லை. 'அவர்கள் வந்தார்கள்' என்று சமையலறையில் நின்றுகொண்டு எந்தத் தாயும் சொன்னதில்லை. சொன்னால் வீட்டிலுள்ளவர்கள் அவளுக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிடுவார்கள். ஆகவே எந்த ஊரின் பேச்சை எடுத்து ஓசைப்படி எழுதினாலும், எழுத்துத் தமிழின் கண்ணுக்கு அது கோணலாகத்தான் தெரியும். 18-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர் இந்த விஷயத்தை வெகு சீக்கிரத்தில் கண்டுகொண்டு, செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், ஜனங்கள் பேசுகிற கொடுந்தமிழுக்கு வேறோர் இலக்கணமுமாக லத்தீனில் இரண்டு நூல்கள் இயற்றினார். அவருக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்திய தொல்காப்பியர், சொற்களை நால்வகையாகப் பிரித்தபோதே திசைச்சொல்லுக்கு ஒரு தனி இருக்கை கொடுத்திருக்கிறார். உரையாசிரியர்கள் அதற்கு உதாரணம் காட்டும்போது, குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பார்கள், குடநாட்டார் தந்தையை 'அச்சன்' என்பார்கள் என்று, அடுத்த ஊர்க்காரன் பேச்சை வேடிக்கை பார்க்கிற அந்தப் பழைய மனுஷ சுபாவம் கொஞ்சம் தலைகாட்டும்படியாகவே எழுதியிருப்பதாக எனக்குத் தோன்றும்.

ஆனால் உரையாசிரியர் பரிகாசம் செய்யவில்லை, குறித்துவைத்தார், அவ்வளவே. பரிகாசம் அச்சு யந்திரத்தோடும், அதன் பிறகு சினிமாவோடும் வந்தது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் வெளியான ஹாஸ்யக் கதைகளைப் புரட்டிப் பார்த்தால் ஒரு சம்பிரதாயம் கண்ணில் படும். எஜமானர் பேசுவதும் பேச்சுத் தமிழ்தான். ஆனால் அது சாதாரணப் பேச்சு என்று பாவிக்கப்பட்டு, ஒழுங்கான எழுத்தில் அச்சாகியிருக்கும். ரிக்ஷாக்காரனும் நாட்டுப்புறத்தானும் வாயைத் திறந்தால் மாத்திரம் எழுத்துக்கள் உருக்குலைந்து விழும். பேனா யார் கையில் இருந்ததோ அவர்களுடைய வாய்க்கு ஊரே கிடையாது என்பது போலவும், மற்றவர்களுடைய வாயெல்லாம் ஏதோ ஒரு ஊரின் வாய் என்பது போலவும் அந்தப் பத்திரிகை உலகம் நடந்துகொண்டது. இந்த வழக்கத்தை மீறியவர்கள் இலக்கிய ஆசிரியர்கள்தாம். 1942-இல் ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' நாவலில் கொங்கு நாட்டுப் பேச்சைச் சிரிப்புக்காக அல்லாமல் வாழ்க்கைக்காகவே எழுதினார். புதுமைப்பித்தன் திருநெல்வேலிப் பிள்ளைமாரின் சம்பாஷணையை எழுதியபோது அதில் கிண்டல் இருந்தது. ஆனால் அது அவருடைய சொந்த வீட்டுக் கிண்டல். கி. ராஜநாராயணன் ஒருபடி மேலே போய், 1982-இல் கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்துவிட்டார்.

சினிமா வேறு பாதையில் போயிற்று. 1958-இல் வெளியான 'சபாஷ் மீனா'வில் ரிக்ஷாக்காரனாக வந்து சென்னைப் பாஷை பேசித் தமிழகத்தையே சிரிக்கவைத்த சந்திரபாபு, தூத்துக்குடிக்காரர். 'சதி லீலாவதி'யில் கமல்ஹாசன் கோவை சரளாவுடன் சேர்ந்து கொங்குத் தமிழ் பேசினார். அம்மையார் கோயம்புத்தூர், அவர் பரமக்குடி. அவரே 'தெனாலி'யில் யாழ்ப்பாணத் தமிழும் பேசினார். 'வசூல்ராஜா'வில் மறுபடி சென்னைக்கு வந்தார். கலைஞன் பிற பேச்சைத் தன் நாவில் ஏற்றிக்கொள்வது வித்தைதான். அதை நான் குறை கூறவில்லை. இருந்தாலும், ஒரு ஊரின் பேச்சு திரையில் ஏறவேண்டுமானால் பெரும்பாலும் வேறோர் ஊர்க்காரரின் நாவில் ஏறித்தான் வரவேண்டியிருந்தது என்பதும், வரும்போது வழியில் எதையோ தவறவிட்டுவிட்டு வந்தது என்பதும் உண்மை.

எதைத் தவறவிட்டது என்று சொல்வதற்கு எங்கள் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். நான் தாமிரபரணிக் கரையைச் சேர்ந்தவன். சினிமாக்காரர்கள் திருநெல்வேலித் தமிழ் என்று தீர்மானித்து வைத்திருப்பது, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு 'லே' போடுவது. எங்கள் ஊரில் அந்த 'லே' எல்லாருக்கும் கிடைக்கிற பிரசாதம் அல்ல. வயதிற் சிறிய ஆண்பிள்ளைக்கும் கூடப் படித்த தோழனுக்கும் 'ஏலே, வாலே'; பெண்பிள்ளைக்கு 'எளா'; 'நீ' என்று சொல்லவும் மனம் வராமல் 'நீங்க' என்று சொல்லவும் அவசியமில்லாத, மத்தியஸ்தமான மரியாதைக்கு உரியவரை 'என்னவே, சொல்லும்வே' என்போம்; கடை முதலாளி அண்ணாச்சி. இந்த நான்கு படிகளில் ஒன்றை மாற்றி வைத்தாலும் தெருவில் சண்டை வந்துவிடும். திரையில் வருகிற கதாநாயகன், மாமனாரையும் 'லே', மாவட்ட ஆட்சித் தலைவரையும் 'லே' என்று விளித்துக்கொண்டு போகும்போது, மற்ற ஊர்க்காரர்கள் கைதட்டுவார்கள். பாளையங்கோட்டைத் தியேட்டரில் இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஓசை சுலபமாகப் பிடிபட்டுவிடுகிறது. யார் யாரிடம் எப்படிப் பேசலாம் என்கிற மரியாதைக் கணக்குதான் வெளியாருக்குப் பிடிபடுவதில்லை.

இணையம் வந்தபின் பேனா கைமாறியது. யூனிகோடு என்னும் பொது ஏற்பாடு பரவி, தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கிலிருந்து கோடிக்கணக்கில் பெருகியபோது, அவர்கள் எழுதிய முதற் தமிழ் கட்டுரைத் தமிழ் அல்ல, வாய்த் தமிழ். நண்பனுக்குச் செய்தி அனுப்புகிறவன் 'நான் வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதமாட்டான் அல்லவா? 'வந்துட்ருக்கேன்' என்பான், 'வந்துக்கிட்ருக்கேன்' என்பான், 'வந்துகினுகீறேன்' என்பான். பத்திரிகாசிரியரோ வசனகர்த்தாவோ குறுக்கே நில்லாமல், அந்தந்த ஊர்க்காரன் தன் வாயைத் தானே எழுதிக்கொண்ட காலம் இதுதான். கோயம்புத்தூரிலிருந்து 'நக்கலைட்ஸ்' குழுவினர் கொங்குப் பேச்சிலேயே குடும்பத்தையும் அரசியலையும் கேலி செய்து காணொளிகள் தயாரிக்கிறார்கள். அவற்றில் வருகிற அம்மாவும் அப்பாவும் சிரிப்புக்காக இழுத்துப் பேசுகிறவர்கள் அல்ல, அவர்களுக்கு அப்படித்தான் பேச வரும். சொந்தத் தாயாரின் பேச்சைக் கேட்டது போல இருக்கிறதென்று அவிநாசிக்காரரும் காங்கேயத்துக்காரரும் சிரிக்கிற சிரிப்புக்கும், பழைய பத்திரிகை வாசகர் நாட்டுப்புறத்தானைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கும் வித்தியாசம் உண்டு.

எழுதத் தொடங்கினவர்களுக்கு ஒரு தொல்லை காத்திருந்தது. தமிழ் லிபி சிக்கனமான லிபி. ஒரே 'க' எழுத்து 'கல்' என்பதில் ஒருவிதமாகவும், 'தங்கம்' என்பதில் வேறுவிதமாகவும், 'அகம்' என்பதில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கும். இடத்தை வைத்து ஓசையை அறிந்துகொள்ள வேண்டியதுதான். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர், 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இந்த இயல்பை விஸ்தாரமாக ஆராய்ந்திருக்கிறார். இத்தகைய லிபியில் ஊர்ப்பேச்சின் நெளிவு சுளிவை எழுதுவதென்றால் எழுத்துக்களைக் கொஞ்சம் முறுக்கத்தான் வேண்டும். இளைஞர்கள் முறுக்கியிருக்கும் விதத்தைப் பார்த்தால், இலக்கணம் படித்தவர்களுக்கு ஆச்சரியங்கள் சில உண்டு.

மதுரையின் 'வந்தாய்ங்க' என்ற சொல்லைப் பாருங்கள். 'ய்' என்ற மெய்க்குப் பின்னால் 'ங்' என்ற மெய், அதன்பின் 'க'. மூன்று மெய்கள் இப்படி நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது எழுத்துப்பிழை என்றே பலரும் எண்ணுவார்கள். நன்னூலார் எண்ணமாட்டார், ய, ர, ழ என்ற மூன்று மெய்களுக்குப் பின்னே மெல்லின மெய் ஒற்றாக வருவதற்கு அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். வேய்ங்குழல் என்று நாம் எழுதுவது அந்த அனுமதியின் பேரில்தான். ஆகவே வைகைக் கரையின் குறும்புப் பயல்கள் எழுதுவது சுத்தமான எழுத்திலக்கணம். கொங்கு நாட்டாருக்குத்தான் அந்த பாக்கியம் இல்லை. 'சரிங்', 'ஆமாங்', 'சொல்லுங்' என்று கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு, அவ்விதமே எழுதவும் எழுதுகிறார்கள். தமிழ்ச் சொல் எதுவும் 'ங்' என்ற மெய்யில் முடியலாகாது. உலகத்திலேயே அதிக மரியாதையுடன் பேசுகிறவர்கள் என்று பேர்பெற்றவர்கள், இலக்கண விதியை இப்படி மரியாதையில்லாமல் மீறுவது ரசமான விஷயம். ஓலமிடுவதைக் காட்ட 'என்னாஆஆ' என்று உயிரெழுத்துக்களை வரிசையாகக் கொட்டுகிறார்களே, அதற்கு அளபெடை என்று பெயர் வைத்து அங்கீகரித்தவர்கள் நம் முன்னோர். திருக்குறளிலேயே அளபெடைகள் உண்டு. ஆனால் வியப்பில் 'ப்ப்ப்பா' என்று எழுதுகிறவர்களுக்கு இலக்கணத்தில் இடமில்லை. ஒற்றளபெடையில் வல்லின மெய்கள் சேர்வதில்லை.

மதுரைச் சொல்லைப் பற்றிய இன்னொரு சங்கதியை எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் மருமகள் மதுரைப் பெண். சம்பந்தி வீட்டில் ஒரு வளைகாப்பு. சென்னையிலேயே பிறந்து வளர்ந்து, மதுரையை மீம்களின் மூலமாகவே தரிசித்திருக்கிற என் தங்கை மகன், வெகு உற்சாகமாக, "மாமா அத்தை எல்லாம் வந்தாய்ங்களா?" என்று கேட்டு எழுதினான். சற்று நேரம் குழுவில் மௌனம் நிலவிற்று. பிறகு மருமகளிடமிருந்து பதில் வந்தது: "தம்பி, பயலுகதான் வந்தாய்ங்க. மாமா அத்தையெல்லாம் வந்தாங்க." பின்னாலேயே எங்கள் அண்ணி திருநெல்வேலியிலிருந்து, "வந்தாவளா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல" என்று எழுதி விஷயத்தை முடித்துவைத்தார்கள். தங்கை மகன் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. அவனுக்குக் கிடைத்த நூறு மீம்களிலும் 'வந்தாய்ங்க' என்பது மதுரையின் முத்திரையாக வந்ததேயொழிய, அது வந்தான்கள் என்பதன் வழிவந்த, பயல்களுக்கே உரிய சொல் என்பதை ஒரு மீமும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடல் கடந்த தமிழர்களுடைய எழுத்து வேறொரு அத்தியாயம். கனடாவில் ஈழத் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறியிருக்கும் மாநகரத்தை அவர்கள் 'ரொறன்ரோ' என்று எழுதுகிறார்கள். தொலைக்காட்சி அவர்களுக்கு 'ரிவி', வண்டிச் சக்கரத்தில் மாட்டுவது 'ரயர்', காப்பி 'கோப்பி', கம்பெனி 'கொம்பனி'. இவற்றைப் படித்துவிட்டு நம்மூர் இளைஞர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். 'ரயர்' என்றால் ரயிலின் டயரோ, ரயிலுக்கு டயர் கிடையாதே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். சிரிக்குமுன் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'ட' என்ற எழுத்துத் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்ற பழைய விதியை யாழ்ப்பாணத்தார் மதித்து, அதற்குப் பதிலாக, ஆங்கில ஓசைக்கு ஏறக்குறைய அண்டையிலிருக்கிற ரகர றகரங்களை உபயோகிக்கிறார்கள். 'ற்ற' என்பதை அவர்கள் ஒலிக்கிற விதத்தைக் கேட்டவர்களுக்கு இதன் பொருத்தம் விளங்கும். நாமோ விதியைக் காற்றில் விட்டுவிட்டு 'டயர்', 'டிவி' என்று துணிந்து எழுதிவிட்டோம். அந்த விதிப்படி ரகரமும் சொல்லுக்கு முதலில் வரலாகாது, இராமன் இரயில் என்று இகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வரவேண்டும் என்பதைச் சொன்னால், இரு கட்சியாருமே தோற்றுப்போவார்கள். அவர்களும் நம்மைப் பார்த்துச் சிரிக்காமல் இல்லை. நாம் 'டொராண்டோ' என்று இரண்டு டகரத்தையும் நாக்கை மடித்து அழுத்தி உச்சரிப்பதை அங்கே பிறந்த பிள்ளைகள் நடித்துக் காட்டுவதைக் கேட்டிருக்கிறேன், நன்றாகத்தான் நடிக்கிறார்கள்.

இங்கேயும் ஓசையைப் பிடித்தவர்கள் மரியாதையைக் கோட்டைவிடுகிறார்கள். ஈழத் தமிழைப் பரிகாசம் செய்கிற நம்மவர்கள் 'கதைக்கிறது', 'என்ட', 'ஓம்' என்ற மூன்று சொற்களோடு கடையைக் கட்டிவிடுவார்கள். 'நீ'க்கும் 'நீங்கள்' என்பதற்கும் நடுவே அவர்களுக்கு 'நீர்' என்று ஒரு படி உண்டு. கூடப் படிக்கிற பெண்ணை, மனைவியை, ஏறக்குறைய சம வயதுக்காரரை 'நீர் வாரும்' என்பதில் அன்பும் இருக்கும், ஒரு எல்லையும் இருக்கும். அவர்கள் 'வந்தவை' என்று உயர்திணையாரைச் சொல்லும்போது, நாம் அஃறிணை என்று நினைத்துச் சிரிக்கிறோம். அது அவர்களிடத்தில் சாதாரணமான, மரியாதையுள்ள பன்மை.

ஆங்கில லிபியில் தமிழ் எழுதுகிற கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. 'பி, ஏ, எல்' என்ற மூன்றெழுத்தைப் போட்டால் அது பல்லா பாலா என்பதை எழுதியவரே சாட்சி சொல்லவேண்டும். 'பி, ஏ, டி, ஏ, எம்' என்று போட்டால் படமா, பாடமா, பதமா, பாதமா என்று நாலு பேர் நாலுவிதமாகப் படிப்பார்கள். இதிலிருந்து பிறக்கிற விபரீதங்களைத் தொகுத்தே ஒரு ஹாஸ்ய சாஹித்யம் வளர்ந்திருக்கிறது. தகரத்தைக் காட்ட 'ஹெச்' சேர்த்து எழுதுகிற தென்னாட்டு வழக்கத்தை வடக்கே உள்ளவர்கள் வல்லோசையாக வாசித்துக் 'கீதா'வைக் 'கீத்தா' ஆக்குவதும், ழகரத்துக்கு 'இஸட் ஹெச்' என்று நாம் செய்துகொண்ட ஏற்பாட்டை அறியாதவர்கள் 'தமிஸ்' என்று படிப்பதும் பழைய கதைகள். வீலூர் ஆணையைத் தயாரித்தவர்களுக்கு இந்தக் கூட்டத்தின் அனுபவம் கொஞ்சம் வாய்த்திருந்தால், அரசாங்கத்துக்கு ஒரு சங்கடம் மிச்சமாகியிருக்கும்.

இவ்வளவு சிரிப்புக்கு நடுவிலும் ஒரு ஊருக்கு மட்டும் பேனா இன்னும் முழுதாகக் கைமாறவில்லை. அது சென்னை, குறிப்பாக, கூவத்துக்கு வடக்கே உள்ள சென்னை. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை ஆகிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் துறைமுகத்திலும் ஆலைகளிலும் மீன்பிடி படகுகளிலும் உழைத்த ஜனங்கள், தெலுங்கு, உருது, ஆங்கிலம் எல்லாவற்றோடும் ஒரே தெருவில் வாழ்ந்து வளர்த்த பேச்சு அது. 'பேஜார்', 'நாஸ்தா' எல்லாம் உருது வழியே வந்தவை. வசைச் சொல்லாக எல்லாரும் அறிந்த 'கஸ்மாலம்', கீதையில் கண்ணபிரான் அர்ஜுனனுடைய மனச்சோர்வைச் சுட்டிய அதே ஸம்ஸ்கிருதச் சொல்லின் உருமாற்றம். பழம் 'பயம்' ஆவதையும், கிழவி 'கெய்வி' ஆவதையும் கேட்டு நகைக்கிற தென் ஜில்லாக்காரர்கள், அதே பழத்தைத் தாங்கள் 'பளம்' என்பதை மறந்துவிடுகிறார்கள். ழகரத்தை விட்டவர்கள் இருவருமே. ஒருவர் விட்டது ரவுடித்தனத்தின் அடையாளமாகவும், மற்றவர் விட்டது கிராமத்து வெகுளித்தனமாகவும் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. காரணம் நாக்கில் இல்லை. அந்தப் பேட்டைகளில் யார் வசித்தார்கள், எந்த ஜாதியார், என்ன தொழில் செய்தார்கள் என்பதில் இருக்கிறது.

சென்ற சில ஆண்டுகளில் நிலைமை சற்று அசைந்திருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்திய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர், கானாப் பாட்டின் மொழியை, சிரிப்பு நடிகரின் தயவில்லாமல், நேராக மேடையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கேட்டவர்களுக்குச் சிரிக்க அவகாசம் இருக்கவில்லை. ஆயினும் ரீல்களின் உலகத்தில் பழைய வேஷம் மாறவில்லை. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, 'இன்னா நைனா' என்று ஆரம்பித்தால் அது சென்னை என்று இன்னமும் வழங்குகிறது. அதை நடிக்கிறவர் பெரும்பாலும் ஐந்தாறு வருஷங்களுக்கு முன் வேலை நிமித்தம் சென்னைக்கு வந்து குடியேறியவராக இருப்பார்.

எங்கள் கட்டுரைகளைக் கணிப்பொறியில் பக்கமாக வடிவமைத்துத் தருகிற இளைஞன் காசிமேட்டுப் பையன். தகப்பனார் விசைப்படகில் போகிறவர். அப்படிப்பட்ட ரீல் ஒன்றை அவன் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன். ரீலில் வருகிற ஆசாமி, வாசலில் வந்து நிற்கிற கடன்காரனிடம், "எங்கப்பன் ஊட்ல இல்ல, கடலாண்ட கீறான்" என்கிறார். பையன் உடனே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அப்பாவ எவன் சார் கீறான்னு சொல்லுவான்? கீறாருன்னுதான் சொல்லுவோம். எங்க நைட்டிபோட்ட ஆயாகூட தாத்தாவ கீறாருன்னுதான் சொல்லும்" என்றான். நான் அவன் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். அவன் மறுபடியும் அந்த ரீலை ஓடவிட்டு, முடிவுவரை பார்த்து, சிரித்து, தன் சிநேகிதர்கள் நாலைந்து பேருக்கு அதை அனுப்பிவிட்டுத்தான் என்னுடைய பக்கத்தைத் திறந்தான்.